வயித்துல எத்தனை?

8 + 5 = 13 என்று எழுதிவிட்டு, அதற்கு நேர் கீழே இருந்த 13 − 5 என்ற கணக்குக்காக அண்ணன் மகள் நோட்டு ஓரத்தில் பதிமூன்று கோடு கிழிக்க ஆரம்பித்தாள். பென்சிலை அழுத்திப் பிடித்து, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பிறகு ஐந்தை அடித்தாள். மிச்சத்தை எண்ணினாள். 9 என்று எழுதினாள். ஏதோ ஒரு கோட்டை இரண்டு தடவை எண்ணியிருக்க வேண்டும். "மேல பாரு கண்ணு, மேல என்ன எழுதியிருக்குற?" என்றேன். "எட்டும் அஞ்சும் பதிமூணு." "அப்ப பதிமூணுல அஞ்சு போனா?" விஷயம் தெரியாத பெரியவர்களைக் குழந்தைகள் ஒரு மாதிரி பாவமாகப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். "அது கூட்டலுங்க அத்தை. இது கழித்தலுங்க."

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, கையிருப்பு. இதே நாலு வரியைத்தான் இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் கைப்பணம் இடிக்கிறது என்றால், முதலில் இருந்து கூட்டிக்கொண்டு வரமாட்டேன். கையிருப்பில் இருந்து பின்னாடி நடப்பேன். செலவைத் திருப்பிச் சேர், வரவைத் திருப்பி எடு, காலையில் இருந்த பணம் வருகிறதா பார். வராத இடத்தில் தப்பு உட்கார்ந்திருக்கும். எனக்கு எட்டு, அஞ்சு, பதிமூணு என்பது ஒரே சங்கதி. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வேறு. இவளுக்கோ அது இரண்டு பாடம், இரண்டு பக்கம், இரண்டு பரீட்சை.

நாங்கள் இருப்பது கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. கொஞ்சம் போனால் கோபாலபுரம் செக்போஸ்ட், தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. அண்ணன் மகள் இங்கேயே தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. என் அக்கா அந்தப் பக்கம், பொள்ளாச்சிக்கு அருகே ஒரு அரசுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். 2022-ல் சின்ன வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து அவள் பேச்சில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிற நிலைகள் இல்லாத நாளே கிடையாது. போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா தூங்கல? முக்கோணம் போட்டுக் குடு, சரியாப் போயிரும்" என்றாள்.

முக்கோணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உச்சியில் 13, கீழே இரண்டு மூலையில் 8, 5. அதைப் பார்த்து நாலு கணக்கு எழுத வேண்டும். இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல். எண் குடும்பம் என்பார்கள். வரைந்து கொடுத்தேன். முதல் நாள் தடுமாறினாள். மூன்றாம் நாள் மூச்சு விடாமல் இருபது முக்கோணம் முடித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலாம் நாள் சும்மா இருக்கமாட்டாமல் முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்தேன். 4-ஐயும் 7-ஐயும் மேலே வைத்து, 11-ஐக் கீழே வைத்தேன். 4 − 7 = 11 என்று எழுதினாள். அழகான கையெழுத்து. அவள் எண்ணைப் பார்க்கவே இல்லை. எந்த மூலையில் இருப்பதை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்பதைத்தான் படித்திருக்கிறாள், கோலத்துக்குப் புள்ளி பழகுவது போல.

கடலைக்காய்

பக்கத்து வீட்டுக்குத் திருச்சூரில் இருந்து ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. அவர்கள் பையனும் இரண்டாம் வகுப்பு, மலையாள மீடியம். இவள் என்னை அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் அத்தை என்றே கூப்பிடுவான். அவன் ஊரில் பொதுவாக அப்படிக் கூப்பிடுவதில்லை என்பதை அவனும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் உட்காருவார்கள். அன்றைக்கு வீட்டில் கடலைக்காய் அவித்திருந்தோம். புத்தகம் வேண்டாம், கையில் இருப்பதை வைத்தே கணக்குப் போடலாம் என்று ஆளுக்குப் பத்து கடலைக்காயைத் தட்டில் எண்ணி வைத்தேன்.

"பத்துல நாலைக் கழிங்க பாக்கலாம்" என்றேன்.

இவள் நாலை எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்தாள். அவன் நாலை உரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அத்தை, இவன் தின்னுட்டான்!" என்று இவள் கத்தினாள். அவன் வாயில் கடலையோடு, கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னான்: "அத்தையல்லே பறஞ்ஞது, கழிக்கான்!"

எல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. சாப்பிட்டாச்சா என்பதற்கு அவர்கள் கேட்பது "கழிச்சோ?" தமிழில் அதைக் கேட்டால் என்ன அர்த்தம் வரும் என்று வைத்து இங்கே எத்தனையோ தலைமுறை சிரித்தாகிவிட்டது. அவனுக்குக் கணக்கில் கழிப்பது 'குறய்க்குக'. அவன் மேல் என்ன தப்பு? அதற்கு முந்தின வாரம்தான் நான் அவனுக்காகக் 'குறை' என்று சொல்லிப் பார்த்து, இவள் நாய் மாதிரி குரைத்துக் காட்டி, இரண்டும் உருண்டு உருண்டு சிரித்திருந்தன.

சரி, சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுத்த கேள்வி ஏற்கெனவே நாக்கில் இருந்தது. "இப்ப ஆறு இருக்குதல்ல, மறுபடியும் பத்து ஆகணும்னா என்ன பண்ணணும்?" இவள் தன் நாலை இழுத்துத் தட்டில் சேர்த்துவிட்டாள். அவன் தட்டைக் காட்டி, "இவனுது ஆகாதுங்க. தின்னது எப்படித் திரும்ப வரும்?" என்றாள்.

அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தின்னது எப்படித் திரும்ப வரும்? நாம் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கிற கதைகளை யோசித்துப் பாருங்கள். மரத்தில் ஏழு கிளி, மூன்று பறந்துவிட்டது. கூடையில் பத்து மாம்பழம், நாலு அழுகிவிட்டது. பலூன் வெடிக்கிறது, பென்சில் தொலைகிறது, லட்டைத் தம்பி தின்றுவிடுகிறான். கழித்தல் என்று வந்தாலே ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்துவிடுகிறது. போனது போனதுதான், அதைப் பற்றி யாரும் மறுபடி பேசுவதில்லை. நோட்டில் கோடு கிழித்து அடிப்பதும் அதுதான். அடித்த கோட்டை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கூட்டலில் எட்டும் அஞ்சும் கண் முன்னால் ஒன்று சேர்வதைப் பிள்ளை பார்க்கிறது. கழித்தலில் மிச்சத்தை மட்டும்தான் பார்க்கிறது. போன அஞ்சு கண்ணைவிட்டு மறைந்த பிறகு எட்டுக்குப் பக்கத்தில் பதிமூன்று ஞாபகத்துக்கு வர என்ன வழி?

நான் இப்படி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவன் தன் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டினான். "ஆறு இவிடெ" என்று தட்டைக் காட்டினான். "நாலு இவிடெ." இவள் ஒரு நிமிஷம் தட்டையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டித் தட்டில் இருந்ததை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ஆறு. அப்புறம் அதே விரலால் அவன் வயிற்றில் நாலு குத்து. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. "அத்தை, பத்து இங்கதான் இருக்குது!"

வயிறு

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கழித்தலுக்குப் பெயரே வயிறுதான். தினமும் கடலைக்காய் அவிக்க முடியாது, பேதியாகிவிடும். புளியங்கொட்டைக்கு மாறினோம். அம்மாவின் பழைய சுருக்குப்பை வயிறு ஆனது. ஆட்டம் இதுதான்: ஒருத்தர் எல்லாக் கொட்டையையும் எண்ணிக் காட்ட வேண்டும். பத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள, கொஞ்சத்தை வயிற்றுக்குள் போட வேண்டும். கண்ணைத் திறந்தால் தட்டில் ஏழு. வயித்துல எத்தனை? சொன்னதும் பையைக் கவிழ்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததல்ல. கைக்குள் கொட்டையை மூடிக்கொண்டு ஒத்தையா ரெட்டையா கேட்டவர்கள்தானே நாம் எல்லோரும். அங்கே கேட்பது ஒத்தையா என்று, இங்கே கேட்பது எத்தனை என்று. அவ்வளவுதான்.

இதில் நான் கவனித்த ஒன்று: இந்தக் கேள்வி கூட்டலா கழித்தலா என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. அவன் ஏழுக்கு மேல் விரலை விட்டு எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறினான். இவள் பத்தில் இருந்து ஏழை எடுத்தாள். இரண்டு பேருக்கும் மூன்று. இரண்டு பேரும் அடுத்தவர் செய்தது தப்பு என்று சண்டை போட்டார்கள். பையைக் கவிழ்த்தால் மூன்று கொட்டை விழுந்தது. மறுநாள் இவள் ஏறிப் பார்த்தாள், அவன் இறங்கிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

ஒரு வாரம் எழுதவே விடவில்லை. பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடந்ததை மட்டும் எழுதச் சொன்னேன். வயிற்றுக்குள் போகும்போது 10 − 3 = 7. கவிழ்க்கும்போது 7 + 3 = 10. முன்பு முக்கோணத்தில் எழுதிய அதே வரிகள்தான், ஆனால் இப்போது அவள் 3 − 10 என்று எழுதவில்லை. மூன்று கொட்டையில் இருந்து பத்தை எப்படி வயிற்றில் போடுவது? பத்து பழகிய பிறகு பதிமூன்றுக்குப் போனோம். அவசரப்பட்டு ஒரேயடியாக இருபதுக்குத் தாவி ஒரு நாள் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன். எண்ணவே பத்து நிமிஷம் ஆகி, ஆட்டம் செத்துப்போனது. ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்பது அன்று கற்றது.

அக்கா போனில் கேட்டுவிட்டு, "பியாஜே சொன்னதுதான் இது" என்றாள். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர், செய்ததை மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கிற திறமை ஏழு வயசு வாக்கில்தான் கூடி வருகிறது என்று எழுதியிருக்கிறாராம். அதனால்தான் இரண்டாம் வகுப்பில் இத்தனை தடுமாற்றம் என்றாள். பிறகு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தாள், இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம். பிள்ளையால் சட்டென்று போட முடியாத எண்ணாகப் பார்த்து, 27 + 14 − 14 எத்தனை என்று கேட்க வேண்டும். எழுதிக் கூட்ட ஆரம்பித்தால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். கேட்டேன். இவள் பென்சிலை எடுத்தாள். அவன் என்னை முறைத்தான். "இருபத்தேழு. போட்டுட்டு எடுக்கறதுக்கு எதுக்குப் போடணும்?" தமிழ் அவனுக்கு அதற்குள் நன்றாக வந்துவிட்டிருந்தது. இவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இரண்டும் என்னைக் கேள்வி கேட்டே கொன்றன: நூறு கூட்டல் லட்சம் கழித்தல் லட்சம் எத்தனை, ஒன்பது கூட்டல் கோடி கழித்தல் கோடி எத்தனை.

அக்காவுக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில் இன்னும் ஒத்துவரவில்லை. கொட்டையை வைத்து எவ்வளவு நாள்தான் விளையாடுவது, பத்துக்குள் இருக்கிற ஜோடிகள் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும் என்பது அவள் கட்சி. ஏழும் மூணும் பத்து என்பது யோசிக்காமல் வந்தால்தான் பெரிய கணக்கில் மூளைக்கு இடம் மிஞ்சும் என்கிறாள். அதை நான் மறுக்கவில்லை, ஆனால் வயிறு ஆட்டத்திலேயே அது வந்துவிடும் என்பது என் கட்சி. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுருக்குப்பை ஆட்டம் ஆடிப் பார், தெரியும் என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் எத்தனை இருந்தது

இவ்வளவும் ஆன பிறகு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் வாய்க்கணக்காகக் கேட்டேன்: "தட்டுல கொஞ்சம் கொட்டை இருந்துச்சு. அஞ்சை வயித்துல போட்டுட்டேன். மீதி ஆறு. முதல்ல எத்தனை இருந்துச்சு?" இவள் சட்டென்று, "ஒண்ணு" என்றாள். மீதி என்ற சொல் காதில் விழுந்ததும் ஆறில் அஞ்சைக் கழித்துவிட்டாள். மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி என்று பள்ளியிலும் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இந்தக் குறுக்கு வழி சில கணக்குக்கு உதவும், மிச்சத்தில் காலை வாரிவிடும். நடுவில் இருப்பது தெரியாவிட்டாலும் பிள்ளைகள் சமாளித்துவிடுகிறார்கள். ஆரம்பமே தெரியாத கணக்குதான் பெரும்பாலும் கடைசியில் பிடிபடுகிறது. எதில் இருந்து எடுப்பது என்றே தெரியாதபோது எப்படி எடுப்பது?

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டில் ஆறு கொட்டையையும், அஞ்சு போட்டுக் கட்டின சுருக்குப்பையையும் வைத்தேன். "ஒண்ணுன்னு சொன்னியே, அந்த ஒண்ணுல இருந்து அஞ்சை எப்படிப் போட்டேன்?" சிரித்துவிட்டாள். பையைப் பார்த்தாள். கவிழ்த்தாள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள், "ஆரியபட்டர் காலத்துக் கணக்குடி அது" என்றாள். பார்த்தால் உண்மைதான். 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஒரே ஒரு சுலோகத்தில் முடித்துவிடுகிறார்: தலைகீழாகத் திரும்பி வரும்போது பெருக்கியது வகுக்கும், வகுத்தது பெருக்கும், கூட்டியது கழியும், கழித்தது கூடும். 1150-ல் பாஸ்கரரும் லீலாவதியில் இதே முறையைச் சொல்லிக் கணக்குக் கொடுக்கிறார். ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதிய நீலகண்ட சோமயாஜி நம்ம கேரளத்துக்காரர். நான் தினமும் கையிருப்பில் இருந்து ஆரம்ப இருப்புக்கு நடக்கிற நடையைத்தான் இவர்கள் சுலோகமாக எழுதியிருக்கிறார்கள்.

சுலோகத்தைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "மனசுல ஒரு நம்பர் நினைச்சுக்க" என்று நாம் ஆடியதை ஆடினோம். அஞ்சு கூட்டு, மூணு கழி, இப்ப எத்தனை? பதினொன்று என்றால், நீ நினைச்சது ஒன்பது. முதல் நாள் நான் மந்திரவாதி. இரண்டாம் நாள் இவள் சந்தேகப்பட்டாள். மூன்றாம் நாள், நான் சொல்வதற்கு முன்பே இரண்டும் மூலையில் உட்கார்ந்து கொட்டையை வைத்துப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தன. மந்திரம் போய்விட்டது. அடுத்த நாள் என்னை நம்பர் நினைக்கச் சொன்னார்கள்.

பள்ளியில் ஒரு சின்னச் சங்கடம் வந்தது. பரீட்சைத் தாளில் ஒவ்வொரு கழித்தல் கணக்குக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே கழித்த எண்ணை எழுதி, நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். புள்ளி தொப்புள். விடைகள் எல்லாம் சரி. டீச்சர் வட்டங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார். நான் போய் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, பெரிய பரீட்சையில் தொப்புள் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்ப வயிறு போடலாமுங்களா?" என்றாள்.

இப்போது இரண்டு இலக்கக் கணக்கு வந்துவிட்டது. பையன் வீட்டார் திருச்சூருக்கே திரும்பிப் போய்விட்டார்கள், திண்ணையில் இவள் மட்டும். 52 − 38. பள்ளியில் கடன் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எட்டுப் போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. கடனை எப்போது திருப்பித் தருவது என்று இவள் கேட்டதற்கு நான் முழித்தேன். 38 கொட்டையைச் சுருக்குப்பைக்குள் போட்டு எண்ணவும் முடியாது. போன வியாழக்கிழமை இந்தக் கணக்கில்தான் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன், அம்மா வாசல்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

அம்மா இருபது வருஷம் வீட்டு முன்னால் மளிகைக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. முப்பத்தேழு ரூபாய்ச் சாமானுக்கு அம்பது ரூபாய்த் தாளை நீட்டினால் ஒரு நாளும் கழித்துப் பார்த்தது கிடையாது. முப்பத்தேழு என்று சொல்லிக்கொண்டே மூன்று ஒரு ரூபாய்க் காசை உள்ளங்கையில் வைப்பார், நாப்பது. ஒரு பத்து ரூபாய்த் தாள், அம்பது. அவ்வளவுதான், மீதி பதிமூன்று என்று வாயால் சொல்லவே மாட்டார்.

திண்ணையில் இருந்து குரல் கேட்டது. "வயித்துல முப்பத்தெட்டு." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, விரலால் தரையைத் தட்டுகிற சத்தத்தோடு, "ரெண்டு போட்டா நாப்பது... பத்து போட்டா அம்பது... இன்னும் ரெண்டு, அம்பத்திரண்டு."

அம்மா கீரையில் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "யாருக்குடி சில்லறை குடுத்துட்டிருக்குற?"